கடற்கரையில் காத்திருந்த தாய்

அய்யா துணை

வீட்டில் ஓர் உயிர் பிரிந்துவிட்டால் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. “இத்தனை காலம் பதிக்குப் போனோமே, முத்திரிக் கிணற்றில் பதமிட்டோமே, நாமம் சாத்தினோமே, அய்யா ஏன் காக்கவில்லை?” கேட்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அய்யாவின் வரலாற்றிலேயே ஒரு தாய் இந்தத் துயரத்தைப் பட்டிருக்கிறாள்.

கொல்லம் 1008 மாசி மாதம். நோய் முற்றிய முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். மகன் பிழைப்பான் என்ற ஒரே எண்ணத்தோடு தாய் வெயிலாளும் போனாள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கினார். அலை மூடியது, ஆளைக் காணோம். உடன் வந்த உறவினர் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். தாய் மட்டும் அழுதுகொண்டே கரையில் இருந்தாள். மூன்றாம் நாள், மாசி 20, கடலிலிருந்து அய்யா வெளிவந்தார். “மகனே” என்று ஓடினாள். 1008 மாசி வரைக்குமே உமக்கு மகன், இனி நாராயணருக்குப் பிள்ளை என்று அய்யா சொல்லிவிட்டார்.

அகிலத்திரட்டில் இந்த இடம் வரும்போது அவதார மகிமையைப் பேசிவிட்டுக் கடந்துபோகிறவர்களே அதிகம். பெற்றவளின் நெஞ்சை நினைப்பவர் குறைவு. அவள் கேட்டது கிடைத்தது, கேட்டபடி கிடைக்கவில்லை. பிள்ளை கண்ணெதிரே நிற்கிறார், ‘என் பிள்ளை’ என்று உரிமை கொண்டாட முடியவில்லை. தந்தவனுடையது தந்தவனிடமே போயிற்று.

அவள் மூன்று நாள் அழுதது குற்றமா? இல்லவே இல்லை. சாவு வீட்டில் “அழாதே” என்று அதட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கண்ணீர் அழுது தீர்ந்துவிடும். ‘எனக்குரியதைப் பறித்துவிட்டார்களே’ என்று மனம் உள்ளே நடத்துகிற வழக்குதான் தீராமல் ஆளைத் தின்கிறது. வெயிலாளைப்போல் கையை விரித்துவிட்ட பிறகே அது ஓயும்.

1026 வைகாசி 21 அன்று அய்யாவும் எடுத்த உடலை விட்டு வைகுண்டம் ஏகினார். அருகிருந்து பணிவிடை செய்த சீடர்களும் அந்தப் பிரிவைத் தாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

அய்யாவழி மரபில் இறந்தவரை எரிப்பதில்லை, படுக்கவைத்துப் புதைப்பதும் இல்லை. வடக்கு நோக்கிப் பத்மாசனமாக இருத்தி, நாமமிட்டு, மண்ணால் மூடுகிறார்கள். தர்மயுகம் பிறக்கும்வரை அவர் தவமிருக்கிறார் என்பது நம்பிக்கை. மண்ணிடுகிற மகனின் கை நடுங்கத்தான் செய்யும். ஆனாலும் தவத்துக்கு அமர்ந்தவரை, எழுந்து வீட்டுக்கு வாரும் என்று அவன் கூப்பிடுவதில்லை.

அய்யா உண்டு.