துணைக்குப் போன கார்

தன் கையே தனக்கு உதவி என்று பிள்ளைகளுக்குப் போதிக்காத பெரியவர்கள் மயிலாப்பூரில் இல்லை. போதித்துக்கொண்டே பையனின் புத்தகப் பையைத் தாங்களே சுமந்து பள்ளிக்கூட வாசல் வரை வருவார்கள். நானும் அந்த ரகந்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மார்கழி இரவு தேவைப்பட்டது.

என் அக்காவின் பெண் அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் வந்து, திருவான்மியூரிலிருந்து பாண்டிச்சேரிக்குச் சைக்கிளில் போய்த் திரும்பப் போகிறேன் என்றாள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். 20 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் பின்னிரவு 2 மணிதான் கெடு.

"ராத்திரியில தனியாவா? நானும் மாமாவும் பின்னாடியே கார்ல வந்துடறோம்" என்றாள் அக்கா.

"வந்தா என் கார்டு செல்லாம போயிடும்மா. பங்ச்சர் ஆனா நானே ஒட்டிக்கணும். பசிச்சா வழியில இருக்கிற கடையில வாங்கிச் சாப்பிடணும். அதுதான் ரூல்."

இந்தச் சவாரிக்கு 'பிரெவே' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களின் ஏற்பாடு. பாரிஸில் 1904-இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப்பின் விதிகளை அனுசரித்து உலகெங்கும் நடக்கிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 600-க்கு 40 மணி என்று கணக்கு. குறித்த இடங்களில் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். முதல்வர் யார், இரண்டாமவர் யார் என்ற பேச்சே கிடையாது. மெடல் ஆசை இருந்தால் நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்! இதற்கெல்லாம் மூதாதை, 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பிய 1200 கிலோமீட்டர் பந்தயம். எதிராளி தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவரைத் தாண்டிப் போய், 71 மணி 22 நிமிஷத்தில் ஜெயித்தார் ஷார்ல் தெரோன். இன்று அதே பயணத்தை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிரக்கணக்கானோர் மேற்கொள்கிறார்கள். 90 மணி கெடு. ஜெயிப்பவர் என்று ஒருவரும் இல்லை.

குறித்த சோதனை நிலையங்களில் வீட்டு மனிதர்கள் வந்து உபசரிக்கலாம். வழியில் கூடாது, பின்தொடரும் வண்டி அறவே கூடாது. இதை அவள் எங்களுக்குப் பொறுமையாகத்தான் சொன்னாள். நாங்களும் தலையாட்டினோம்.

அன்று சாயங்காலம் சபாவுக்குக் கிளம்பிய அக்கா, கச்சேரி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்டா" என்றாள். பிளாஸ்கில் காபி நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம்.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியபோது மணி எட்டு. வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. அவள் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் வந்தாக வேண்டும். ஒரு டீக்கடை ஓரமாக, சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நான் காரை நிறுத்தினேன். ஹெட்லைட் வெளிச்சம் அவள் கைகளின் மேல் விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, லைட்டை அணைச்சிடுங்க."

அணைத்தேன். கடையின் குழல்விளக்கின் கீழே நகர்ந்து உட்கார்ந்து அவள் வேலையைத் தொடர்ந்தாள். கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ட்யூபை அதில் அமுக்கி ஓட்டையைத் தேடினாள். விஷயத்தைக் கேட்டறிந்த அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என் கடை லைட்டு ஆகும், பெத்தவங்க கார் லைட்டு ஆகாதா? என்ன சட்டம் சார் இது?"

நியாயமான கேள்வி. அங்கே நின்றபோது என்னிடம் பதில் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால், அந்தச் சட்டத்தை எழுதியவன் தாயில்லாப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றே தோன்றியது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் உதவியே வேண்டாம் என்று சொல்லவில்லையே! கடை வெளிச்சமும் வாளித் தண்ணீரும் உதவிதான். ஆனால் அவை அந்தச் சாலையில் அவளுக்குப் பின்னால் வருகிற எவனுக்கும் கிடைக்கும். எங்கள் காபி அவளுக்கு மட்டுந்தான். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாடவீதியில் தண்ணீர்ப் பந்தல் வைத்து மோர் கொடுக்கிறார்களே, அதைக் குடித்தவனை யாராவது பிறர் கையை எதிர்பார்த்தவன் என்பார்களா? பிரான்சிலும் அந்தப் பெரிய சவாரியின்போது கிராமத்து ஜனங்கள் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்க்கெல்லாம் தண்ணீரும் காபியும் கொடுக்கிறார்களாம்.

இதை எழுதும்போது ஒரு கடிதம் ஞாபகம் வருகிறது. எனக்கு முதல் உத்தியோகம் அந்தக் கடிதத்தால் கிடைத்தது. என் தகப்பனார் ஒரு பெரிய மனிதரிடம் வாங்கிக்கொடுத்தது. பேட்டிக்கு என்னோடு காத்திருந்த பையன் என்னைவிடக் கெட்டிக்காரன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்திலேயே அது எனக்குத் தெரிந்துபோயிற்று. அவன் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்து வந்திருந்தான். வேலை எனக்கு வந்தது. வெகுநாள் வரை, சொந்தக் காலில் நின்றவன் என்றே என்னைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பின்னால் ஒரு கார் வந்ததை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதற்காக அந்த விதியைத் தெய்வ வாக்காக்கவும் நான் தயாரில்லை. அவள் ஏறிப் போகிற சைக்கிளின் விலை சாமானியமானதல்ல. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. புறப்படும் கோட்டுக்கு முன்னால் நடந்த உபசாரங்களை எந்தக் கார்டும் கேட்பதில்லை. அன்று இருட்டில், உப்பளத்து வேலை முடிந்து ஒருவர் பழைய சைக்கிளில் எங்களைக் கடந்து போனார். ஒளிரும் சட்டையும் இல்லை, விளக்கும் இல்லை. எங்கள் காலத்தில் விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார்! அவருக்கு முத்திரை குத்த எங்கும் ஒரு நிலையம் கிடையாது.

அவள் கீழே விழுந்து கிடந்திருந்தால் நான் கார்டைக் கிழித்தெறிந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. யாரும் எந்த நிமிஷத்திலும் விலகிக்கொள்ளலாம். ஆனால் அவள் விழவில்லை. வெறுமனே களைத்திருந்தாள். களைப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் பெற்றவர்களுக்குச் சிரமம்.

சக்கரத்தை மாட்டிவிட்டு, கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்து, தன் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தாள். "வரேம்மா, நீங்க முன்னாடி போயிடுங்க" என்று ஏறிப் போனாள். திருவான்மியூரை அடைந்தபோது மணி 1.40.

சிவப்பு விளக்கு கண்ணுக்கு மறைகிற வரை அக்கா நின்றாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து, டம்ளர் நிறையக் காபியை ஊற்றி டீக்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் கூச்சத்தோடு வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை கம்மிம்மா" என்றார்.