சொட்டும் குழாயும் அறமும்

குளியலறைக் குழாய் சொட்டுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த ரப்பர் வாஷரே காரணம். நீர்வரத்தை அடைத்துவிட்டு அதை மாற்றினால் போதும். தெரிந்தும் தள்ளிப்போடுவது அறப்பிழையா என்பதுதான் சிக்கல். ஒரு சொட்டால் எவருக்கும் கேடில்லை. நொடிக்கொன்றாக விழுந்தால் நாளுக்கு 86,400 சொட்டு, ஏறக்குறைய 20 லிட்டர். அந்த நீரின் அருமை பஞ்சத்தில்தான் தெரியும்: 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, கடலோரக் கிளேபாங் அடங்கிய மலேசியாவின் மலாக்கா மாநிலம் தண்ணீர்ப் பங்கீட்டுக்குத் தள்ளப்பட்டது. எதிரே கடல் கிடந்து என்ன பயன்!

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைக்கும் திருக்குறள், மழை பொய்த்தால் தானமும் தவமும் நிலைக்காது என்கிறது. இஸ்லாமிய மரபோ ஓடும் ஆற்றங்கரையிலும், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவுக்கு நீரை வீணாக்கலாகாது என விலக்குகிறது. அங்கே பற்றாக்குறை ஒரு பொருட்டே அல்ல. இப்பார்வையே வலுவானது. அணை நிரம்பியிருந்தாலும் பிழை பிழையே. வாடகை வீட்டில் மட்டும் அது குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும் இடையே பங்காகிறது.