கேள்வியும் கல்வியும்: கோலார் தங்கவயலை முன்வைத்துக் காது கேளாதோரின் ஆங்கில எழுத்தறிவு குறித்து ஓர் அறவியல் நோக்கு

எண்ணையும் எழுத்தையும் கண்களெனக் கூறும் வள்ளுவர், செவிவழிப் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைக்கிறார். நூல்களைக் கல்லாதவனாயினும் கற்றாரிடம் கேட்டறிக. தளர்ந்த காலத்து அது துணையாகும் என்பது அவர் கருத்து. கல்வி வாய்க்காதவனுக்குக் கேள்வி ஈடுசெய்யும் என்னும் இவ்வமைப்பு, பிறவியிலேயே காது கேளாதவரிடம் தலைகீழாகிறது. அவருக்குக் கேள்வியின் பணியையும் கல்வியே செய்தாக வேண்டும். ஆகவே அவருக்கு எழுத்தை மறுப்பது இரு செல்வங்களையும் ஒருசேர மறுப்பதாகும். சைகை மொழியாளர்க்கு ஆங்கில எழுத்தைக் கற்பித்தல் கடமையா, வீண்சுமையா என்னும் வினாவை இக்கட்டுரை கோலார் தங்கவயலின் பின்னணியில் ஆராய்கிறது.

தங்கவயல் கருநாடக நிலத்தில் அமைந்த தமிழர் ஊர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப்பணியில் இறங்கியபின் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இங்குக் குடியேறினர். வீட்டில் தமிழ், அரசலுவலகத்தில் கன்னடம், சுரங்க நிருவாகத்தில் ஆங்கிலம் என மும்மொழி வழக்கு நிலைபெற்றது. எழுத்து இவ்வூரில் வெறும் பிழைப்புக் கருவியாக இருந்ததில்லை. அயோத்திதாசரின் எழுத்துகளைப் போற்றிய பௌத்தர்கள் மாரிக்குப்பத்தில் சங்கம் கண்டனர். சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. நாட்டின் பிற பகுதிகளில் எழுத்து எட்டாதிருந்த மக்களுக்கு இங்கு அது மானத்தின் அடையாளமாயிற்று. தம் கைரேகையைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் இத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஊரின் உழைப்பாளர் பெருந்தொகையினர் நாள்தோறும் தொடர்வண்டியேறிப் பெங்களூர் சென்று மீளலாயினர். அந்நகரத்தின் வேலை விண்ணப்பமும் பணி ஆணையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன.

காது கேளாமை யாவர்க்கும் ஒரு தன்மைத்தன்று. பாறை துளைக்கும் பொறியின் இரைச்சலால் கேட்கும் திறனை இழக்கும் தொழிலாளியிடம் தமிழ் அழிவதில்லை. எழுத்து அவருக்குத் தாம் அறிந்த மொழியின் நினைவு. அவர் வீட்டிலேயே பிறவிக் காது கேளாக் குழந்தை இருப்பின், அதற்குத் தமிழெழுத்து அறிமுகமற்ற மொழியின் வரிவடிவம் மட்டுமே. எழுத்தை ஒலியெனக் கொண்டு இலக்கணம் வகுத்த நன்னூலாரின் தொடக்கமே அக்குழந்தைக்கு அடைபட்ட வாயில். இக்காரணத்தால் ‘முதலில் தாய்மொழி, பின்னர் ஆங்கிலம்’ என்னும் பொதுவிதி இங்கு அப்படியே பொருந்தாது. அக்குழந்தையின் இயல்பான மொழி சைகையே. எழுதப்பட்ட தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்கின்றன.

ஒருவகையில் ஆங்கிலம் சற்று அருகிலேயே நிற்கிறது எனலாம். இந்தியச் சைகை மொழியில் பெயர்களை எழுத்துக்கூட்டிக் காட்டப் பயன்படும் இருகை எழுத்துமுறை ஆங்கில நெடுங்கணக்கைச் சார்ந்தது. மேலும், மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலியோர் தில்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஆராய்ந்து, சொற்கள் வேறுபடினும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே எனக் கண்டனர். தங்கவயல் இளைஞரும் கொல்கத்தா இளைஞரும் நேரில் கண்டால் விரைவில் உரையாட இயலும். மடல் எழுதப் புகுந்தால் பிரிந்துவிடுவர். மாநில எல்லைகளைப் பொருட்படுத்தாத ஒரு சமூகத்திற்கு மாநில எல்லைகளைக் கடந்த எழுத்துமொழி வேண்டப்படுவதில் வியப்பில்லை.

இந்நிலையில் மொழிப்பாட விலக்கு என்னும் சலுகையை அறநோக்கில் மீள ஆராய வேண்டியுள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் காது கேளாத மாணவர்க்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்களிக்கும் வழக்கமுண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் ஒரு கட்டாய மொழி போதும் என இசைகிறது. நோக்கம் கருணையே. ஆயினும் கற்பிக்கும் முறையில் உள்ள குறையைச் சரிசெய்யாமல் பாடத்தையே நீக்குவது, படியேற இயலாதவர்க்கு மாடியில் வேலையில்லை என்று அறிவிப்பதை ஒக்கும். தங்கவயல் போன்ற ஊரில் எஞ்சும் ஒரு மொழி வீட்டு மொழியாகவும் அமையாமல், வேலைக்குரிய மொழியாகவும் அமையாமல் போகக்கூடும். கருணை காட்டுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆங்கிலத்தை வலியுறுத்துவது ஆதிக்கத்திற்குத் துணைபோவதாகும் என்னும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் கால்வைத்த அதே 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது என முடிவுசெய்து சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்க வழிகோலியது. உதடு அசைவைப் பார்த்தே மொழி கற்க வேண்டிய நிலையில் மாணவர் பல தலைமுறைகளாகத் துன்புற்றனர். ஆங்கிலம் அத்தகைய இன்னொரு கட்டாயமாகுமாயின் அதனை எதிர்ப்பதே அறம். ஆனால் பேச்சு வேறு, எழுத்து வேறு. சைகை மொழியிலேயே விளக்கி, காது கேளாதவரே ஆசிரியராக இருந்து எழுத்தாங்கிலம் கற்பிக்கும் முயற்சிகள் 2015 முதல் இந்தியாவிலும் கானாவிலும் உகாண்டாவிலும் நடந்தன. அங்குச் சைகை விலக்கப்படவில்லை, அதுவே பயிற்றுமொழியாயிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகை மொழியைத் தொடர்புமொழிகளுள் ஒன்றாக ஏற்கிறது.

தீராத இடர் ஒன்று உண்டு. ஆங்கிலம் கற்ற மகன் பெங்களூர் அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதுவான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு ஒரு வரி எழுத இயலான். இப்பிரிவுக்கு ஆங்கிலத்தைக் குறைகூறுவோர், அதற்கு முன்னரே அவ்வீட்டில் நிலவிய மௌனத்தை மறந்துவிடுகின்றனர். பெற்றோர் பலர் குழந்தையின் சைகை மொழியைக் கற்பதே இல்லை. உணவு, உறக்கம், பள்ளி என்னும் சில குறிகளோடு வீட்டுரையாடல் முடிந்துவிடுகிறது. மகனுக்குத் தமிழெழுத்தும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆயினும் அதனை அவன்மேல் மட்டும் சுமத்த முடியாது. தாயின் கைகளும் அவன் மொழியைக் கற்றாக வேண்டும்.