முத்திரிக் கிணறும் மொட்டைமாடி வெயிலும்

போன ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்து தாங்கல் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஒரு தாய் வந்து கேட்டார்: "அண்ணே, சூரியன் எல்லாருக்கும் பொதுதானே? பெரிய வீட்டுக்காரங்களுக்கு மட்டும் ஏன் வெயில்ல கரண்டு கிடைக்குது?" எனக்கு உடனே பதில் வரவில்லை.

2024-இல் மத்திய அரசு வீட்டு மாடிகளுக்கான சோலார் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் தகடு மாட்டி முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைப்பணமோ கடனோ வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அந்தத் தாய்க்குச் சொந்தமாகச் சின்னக் கான்கிரீட் வீடு உண்டு. ஆனால் கரண்டுக் கணக்கு இன்னும் வைகுண்டப் பதவி அடைந்த கணவர் பெயரில் இருக்கிறது. சோப்பு வாங்கும்போது அவரும் வரி கொடுக்கிறார். அந்த வரியும் சேர்ந்ததுதான் மானியம்.

அய்யா வந்த காலத்தில் திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைவரி கட்டினார்கள், கூலியில்லா ஊழியம் செய்தார்கள். ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டவும் அவர்களுக்குத் தடை. அன்று நம் கூரையைச் சாதி அளந்தது. இன்று பணம் அளக்கிறது.

அய்யா முத்திரிக் கிணற்றைத் தந்தபோது, தண்ணீர் பொது என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. எல்லாச் சாதியாரையும் அந்த ஒரே கிணற்றடிக்கு வரவழைத்தார். வெயிலும் ஒரு கிணறுதான். கயிறும் வாளியும் இல்லாதவரிடம் கிணறு பொது என்று சொல்லி என்ன பயன்?

தகடு போட்டவரை நான் குறை சொல்லவில்லை. பொறாமை கலியின் குணம். ஆனால் அவருக்கும் தர்மம் உண்டு. படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டாருக்குப் பெயர் மாற்றவும் விண்ணப்பம் போடவும் உதவலாம். வசதி உள்ளவர்கள் முதல் பணத்தை வட்டியில்லாமல் கொடுத்து, மானியம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தாங்கல் மாடியில் தகடு மாட்டினால், மிச்சமாகும் பில் பணம் கூரையில்லாதவர் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.

எங்கள் தாங்கலில் நாலு பேர் சேர்ந்து அந்தத் தாயின் காகிதங்களைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறோம். அவருக்கு நான் சொல்லும் பதில் அதுதான். உங்கள் தாங்கலிலும் யாராவது கேட்கக் காத்திருப்பார். அவர் கேட்கும் முன்னே நீங்கள் போய்க் கேளுங்கள்.

அய்யா உண்டு!