நீங்கியவரும் நின்றவரும்

வடக்கே மகோததியும் தெற்கே ரத்னாகரமும் ஒன்றையொன்று தழுவும் தனுஷ்கோடியில் நீராடினாலன்றிக் காசி யாத்திரை நிறைவுறாது என்பது ஆஸ்திக மக்களின் தொன்றுதொட்ட நம்பிக்கை. இலங்கைக்கு அரசனாக முடிசூடிய ஸ்ரீவிபீஷணாழ்வானின் வேண்டுகோளுக்கு இணங்கி, சக்ரவர்த்தித் திருமகன் தன் வில்லின் நுனியால் அணையை உடைத்தருளினான். அதனாலேயே இத்தலம் இப்பெயர் பெற்றது என்பர். இத்தகைய புண்ணிய பூமியில் இன்று ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றில்லை. மணல்மேட்டில் இடிந்த சுவர்களும், அவற்றினிடையே சில மீனவக் குடிசைகளுமே உள்ளன. ஊர் அழிந்த பின் அதை விட்டு நீங்குவது அறமா, அங்கேயே நிற்பது அறமா என்னும் வினா இக்காட்சியைக் காண்பார் உள்ளத்தில் எழாமற் போகாது.

1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி செழித்தது. சென்னையிலிருந்து புகைவண்டியில் வருவோர் இங்கிறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்வர். புகைவண்டி நிலையம், தபால் நிலையம், சுங்கச் சாவடி, மாதா கோயில், பள்ளிக்கூடம், சத்திரம் என யாவும் அமைந்திருந்தன. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும் புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் வந்த பாம்பன்–தனுஷ்கோடி பயணி வண்டியை அலைகள் விழுங்கின. ஓரிரவில் ஊர் மறைந்தது. சேதமுற்ற பாம்பன் பாலம் 46 நாட்களில் சீராக்கப்பட்டது; தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளமோ மீண்டும் இடப்படவில்லை. இவ்விடம் மக்கள் வாழத் தகாதது என அரசு அறிவித்தது. பலர் இராமேசுவரத்திலும் பிற ஊர்களிலும் குடியேறினர். ஆயினும் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. மணலைத் தோண்டி ஊறும் நீரைப் பருகி, ஓலைக் குடிசையில் வாழ்ந்து, வலை வீசிப் பிழைத்தன.

உடலும் உடைமையும் நிலையற்றவை. ஊரின்மேற் கொண்ட பற்றும் அத்தகையதே என்பது வேதாந்தம். அங்ஙனமாயின், அழிந்த மண்ணை விடாது நிற்போர் அறியாமையால் நிற்கின்றனரா? இதற்கு விடை அத்தலத்திலேயே உள்ளது. இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, கடற்கரையில் தனித்து நிற்கும் கோதண்டராமர் திருக்கோயில் அப்புயலிலும் அழியாது நின்றது. விபீஷணாழ்வான் பெருமாளைச் சரணமடைந்த இடமாக அது போற்றப்படுகிறது. பிறந்த நாட்டையும் உடன்பிறந்தானையும் துறந்து நால்வரோடு வந்தவன் அவன். ஆனால் அவன் துறந்தது மண்ணையன்று; அம்மண்ணில் ஓங்கிய அதர்மத்தை. போர் முடிந்த பின் பெருமாளின் ஆணையால் அதே இலங்கைக்குத் திரும்பி, அதன் மக்களைக் காக்கும் கடமையை ஏற்றான். நீங்கியபோதும் அவன் தர்மாத்மா, திரும்பியபோதும் தர்மாத்மா. ஆகவே நீங்குதல் தானே அறமுமன்று, நிற்றல் தானே பற்றுமன்று. எதன் பொருட்டு நீங்கினான், எதன் பொருட்டு நின்றான் என்பதே ஆராயத்தக்கது.

மனைவி மக்களின் உயிர் காக்க ஊரை விட்டவர்கள் குற்றமுடையவர் ஆகார். குடும்பத்தைக் காப்பதும் தர்மமே. தமக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் தமக்குத் தெரிந்த கடலிலே செய்ய நின்றவர்களும் குற்றமுடையவர் ஆகார். குற்றம் வேறோரிடத்தில் உண்டு. 2017-ஆம் ஆண்டு அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின், எண்ணற்றோர் வாகனங்களில் வருகின்றனர். இடிந்த சுவர்களைப் பார்த்து 'பேய் நகரம்' என்கின்றனர். அச்சுவர்களின் நிழலிலே சங்கும் சிப்பியும் விற்கும் மனிதர் நிற்பதை அவர்கள் கண்கள் கண்டும் காண்பதில்லை. உயிரோடிருப்பவரை இல்லாதவராக எண்ணுவது, ஊரைக் கடல் கொண்டதினும் கொடிய அழிவன்றோ?

சரணமென்று வந்தவனை ஏற்கலாகாது எனச் சுக்ரீவன் முதலானோர் தடுத்தபோது, வந்தவன் இராவணனேயாயினும் அபயமளித்தேன் என்று அருளிய கருணைக்கடல் எம்பெருமான். அவ்வருளின் பெருமையை விளக்கவே ஸ்வாமி வேதாந்த தேசிகன் 'அபயப்ரதான ஸாரம்' அருளிச் செய்தார். கங்கைக் கரையில் ஓடம் விட்ட குகனைத் தம்பியாகக் கொண்டவனும் அவனே. அப்பெருமானைச் சேவிக்கச் செல்வோர், குகனின் தொழிலைச் செய்வோரைப் புறக்கணித்தால் அச்சேவை எங்ஙனம் நிறைவுறும்?

சேது ஸ்நானம் செய்து திருப்புல்லாணியில் ஆதிஜகந்நாதனையும் தர்ப்பசயன ராமனையும் சேவிக்கும் அன்பர்கள், இதை நெஞ்சிற் கொள்வது நலம். மண்ணெடுத்துக் கங்கையிற் சேர்க்கும் கைகள், அம்மண்ணில் வாழ்வோரை நோக்கியும் குவியட்டும். ஓர் அன்புச் சொல், விலை பேசாது வாங்கும் ஒரு சங்கு, கரையில் குப்பை இடாத ஒழுக்கம் ஆகியவையும் கைங்கர்யமே. ஆளொழிந்த சிற்றூர்கள் நம் நாட்டில் பல. அங்கெல்லாம் விளக்கேற்றி நிற்கும் ஓரிருவரை நினைப்பதும் அவ்வாறே. நீங்கியவர்க்கும் நின்றவர்க்கும் அபயமளிக்கும் கோதண்டபாணி அனைவருக்கும் நன்மை அருள்வானாக.