வீழ்த்தி வளர்வது வளர்ச்சியாகுமா?

வளர வேண்டும் என்னும் விருப்பம் எல்லா உயிர்க்கும் இயல்பானது. இளம் பருவத்தாருக்கோ அவ்விருப்பமே மூச்சு. அதனையே முதலாகக் கொண்டு அமைந்த ஒருவகை விளையாட்டு இன்று இணைய வசதியுள்ள ஊர்களிலெல்லாம் ஆடப்படுகிறது. இராஜபாளையத்திலும் அதனை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கைப்பேசியின்மேல் குனிந்திருக்கும் காட்சி நமக்குப் புதியதன்று. அவர்களை அதட்டுவதற்கு முன்பாக, அவர்கள் ஆடுவது யாது, அதில் குற்றம் உண்டெனில் அது எவ்விடத்தில் உள்ளது என்று ஆராய்வது பெரியோராகிய நமது கடமையாகும்.

2015-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவர் 'அகார்.ஐஓ' என்னும் விளையாட்டை வெளியிட்டார். எதனையும் தரவிறக்காமல் இணைய உலாவியிலேயே ஆடக்கூடியது அது. ஆடுபவர் ஒரு சிறு வட்டமாகத் தோன்றுவார். சிதறிக் கிடக்கும் துகள்களை உண்டு பருப்பார். பிறகு தம்மினும் சிறிய வட்டங்களை விழுங்குவார். அவ்வட்டங்களும் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து ஆடும் மனிதர்களே. இதன் வழியில் பல விளையாட்டுகள் தோன்றின. அவற்றுள் 'இவோவார்ஸ்' போன்றவை கற்பனைப் போர்க்களங்கள். எளிய சிற்றுருவில் நுழைபவர் உருண்டைகளைச் சேர்த்தும் பிறரை வெட்டி வீழ்த்தியும் படிப்படியாக உயர்வார். படிதோறும் உருவமும் படைக்கலமும் பெரிதாகும்.

இவற்றைச் சட்டம் தடுக்குமோ எனின், தடுக்காது. தமிழ்நாட்டில் 2023-இல் நடைமுறைக்கு வந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் தடை விதிப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கே. பணமில்லாத இவ்விளையாட்டைப் பற்றிய வினா சட்டத்தினுடையதன்று, அறத்தினுடையது.

பிள்ளைகள் கூறும் மறுமொழி எளிதானது: “நாங்கள் யாரைக் கொன்றோம்? திரையில் ஒரு படம் மறைந்தது, அவ்வளவே.” இதனைப் பொருட்படுத்தாமல் ஒதுக்குதல் தகாது.

நம் முன்னோர் இவ்வினாவை முன்பே எழுப்பியுள்ளனர். ஐஞ்சிறுங்காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இதனையே கதையாக்கியுள்ளது. உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்த, உயிருள்ளதைக் கொல்ல மனம் ஒப்பாத யசோதரன், மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, எவ்வுயிரும் நீங்கவில்லை. எனினும் தாயும் மகனும் நாயும் மயிலுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்கிறது காவியம். செயலால் நேரும் கொலை திரவிய ஹிம்சை. உள்ளத்தில் நிகழும் கொலை பாவ ஹிம்சை. கை மாவை வெட்டியபோது கருத்து கோழியை வெட்டியது என்பதே காவியம் உணர்த்தும் நீதி.

ஆயினும் இக்கதையை எடுத்துக்காட்டி, விளையாடும் சிறுவனை யசோதரனோடு ஒப்பிடுவது நடுநிலையாகாது. யசோதரன் பலியிடுதலையே கருதினான். சிறுவன் கருதுவது வெற்றியை. சதுரங்கத்தில் யானையையும் குதிரையையும் 'வெட்டினேன்' என்கிறோம். அதனை எவரும் கொலையாக எண்ணுவதில்லை. போட்டியும் தீதன்று, தோல்வியைத் தாங்கக் கற்பதும் ஒரு கல்வியே.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே உள்ளது? சதுரங்கத்தில் இருவரும் சம படையுடன் தொடங்குகின்றனர். இப்போர்க்களத்திலோ, முன்னரே பருத்தவனும் இப்போதுதான் நுழைந்த சிறியவனும் ஒரே அரங்கில் நிற்கின்றனர். உயர்வதற்கு எளிய வழி, நிகரானவனோடு பொருவதன்று. தன்னினும் எளியவனைத் தேடிச் சென்று வீழ்த்துவதே. நாள்தோறும் இதனையே பயிலும் கண், எவரை நோக்கினும் 'இவன் என்னிலும் சிறியனா?' என்று அளக்கப் பழகிவிடும். எளியவனைக் கண்டால் இரங்க வேண்டிய உள்ளம், எளியவனைக் கண்டவுடன் மகிழ்கிறது. குற்றம் உறைவது இம்மகிழ்ச்சியிலேயே அன்றித் திரையில் மறையும் படத்தில் அன்று.

படிப்படியாக உயரும் விளையாட்டு நம் நாட்டிற்குப் புதியதன்று. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்களுக்குப் பரமபத சோபான படத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தமிழகத்தில் தொன்றுதொட்டு ஆடப்படுவது அது. வடநாட்டுச் சமணரும் ஞான சௌபட் என்னும் பெயரில் அத்தகைய ஆட்டத்தைப் போற்றினர். 84 கட்டங்கள் கொண்ட பழைய துணிப்படங்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவ்வாட்டத்தில் ஏற்றுவது நற்குணமாகிய ஏணி. இறக்குவது தீக்குணமாகிய பாம்பு. ஒருவர் ஏறுவதற்கு மற்றொருவர் இறங்க வேண்டியதில்லை. நால்வர் ஆடினால் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீடுபேற்றுக் கட்டத்தை அடையலாம். பழைய படத்திற்கும் புதிய அரங்கிற்கும் உள்ள இடைவெளி இதுவே.

உயிரின் உயர்வை நம் ஆகமங்கள் 14 குணஸ்தானங்களாக வகுத்துள்ளன. அங்கும் ஏற்றம் உண்டு, வீழ்ச்சியும் உண்டு. மோகத்தை அடக்கி மட்டும் வைத்தவர் பதினோராம் நிலைவரை ஏறி, அடங்கியது மீண்டும் தலைதூக்கக் கீழே விழுவார். அதனை வேரறுத்தவரோ பத்தாம் நிலையிலிருந்து நேரே பன்னிரண்டாம் நிலையை எய்துவார்; அவருக்கு வீழ்ச்சியில்லை. இந்த ஏணியில் சேர்ப்பதால் எவரும் உயர்வதில்லை. குரோதம், மானம், மாயை, லோபம் ஆகியவற்றைக் கழிப்பதாலேயே உயர்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைக் கண்டவருக்கு இது எளிதில் விளங்கும். பால் அளவில் குறையக் குறையச் சுவை திரளுகிறது. வற்றுவதே அங்கு வளர்ச்சி.

வியப்பு யாதெனில், அந்தப் புதிய விளையாட்டும் ஓர் உண்மையைத் தன்னை அறியாமல் கூறிவிடுகிறது. அகார்.ஐஓவில் வட்டம் பருக்கப் பருக்க அதன் நடை தளர்கிறது. வாளாவிருப்பினும் அதன் பருமன் சிறிது சிறிதாகக் கரைகிறது. தன்னினும் பெரியது ஒன்று வந்து விழுங்கிய நொடியில் சேர்த்தவை அனைத்தும் போய், மீண்டும் சிறு வட்டமாகவே தொடங்க வேண்டும். வினைப்பாரம் ஏறிய உயிரின் பிறவிச் சுழற்சிக்கு இதனினும் தெளிவான படம் வேறு வேண்டுமோ?

இங்குப் பெரியோரும் தம்மை நோக்கிக் கொள்ளல் வேண்டும். விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் முதலிடத்தில் நின்ற பெருமையுடையது. தேர்ச்சி என்பது அனைவரும் அடையக்கூடியது. ஒருவன் தேறுவதால் மற்றவன் தவறுவதில்லை. வீட்டிலோ நாம் கேட்பது “நீ தேறினாயா?” என்பதன்று; “அடுத்த வீட்டுப் பிள்ளையை விட எவ்வளவு கூடுதல்?” என்பதே. அரங்க விளையாட்டின் விதியைக் குழந்தைக்கு முதலில் கற்பிப்பது கைப்பேசியன்று; நமது நாவே. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவக் கட்டுத்துணியை நெய்கின்றன. பிறர் காயத்தைக் கட்டும் தொழிலாலும் ஓர் ஊர் வளர முடியும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உள்ளது.

அண்டை மாவட்டத்துக் கழுகுமலையில் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களிடையே பாகுபலியின் உருவமும் உள்ளது. அவர் வரலாறு ஓர் அரங்கின் வரலாறே. படைகள் மடியலாகாது என்பதற்காகப் பரதனும் பாகுபலியும் கண் நோக்கிலும் நீர்ப் போரிலும் மற்போரிலும் தாமிருவருமே பொருதனர். மூன்றிலும் வென்றவர் பாகுபலி. தமையனைத் தூக்கிய கை அவனை நிலத்தில் அறையவில்லை, மெல்ல இறக்கியது. வென்ற நாட்டையும் அக்கணமே துறந்தார். கொடி படர நிற்கும் அவ்வுருவம், வீழ்த்த வல்லவன் வீழ்த்தாமல் விட்ட அந்தக் கணத்தையே நமக்கு நினைவூட்டுகிறது.

ஆதலின் நாம் வேண்டுவது தடையன்று. தடுத்தால் ஆட்டம் மறைவிடத்திற்குச் செல்லும். மறைவோடு பொய்யும் சேரும். விடுமுறையில் ஒரு நாள் பிள்ளையுடன் அமர்ந்து அந்த அரங்கைக் காணுங்கள். ஆட்டம் முடிந்தபின், “எத்தனை படி உயர்ந்தாய்?” என்று கேளாமல், “உன்னிலும் சிறியவன் எதிர்ப்பட்டபோது என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். அவனை விட்டுவிட்டு நிகரானவனைத் தேடினேன் என்று ஒருமுறையேனும் அவன் கூறுவானாயின், அன்று திரையிலுள்ள உருவம் வளரவில்லை. நம் வீட்டுப் பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்று மகிழலாம்.