கோலார்ப் பாறையும் அநித்தியமும்



நம் முன்னோர் வடஆற்காடு, செங்கற்பட்டு, சேலம் முதலிய ஜில்லாக்களினின்றும் கோலார் தங்கவயலுக்குக் குடிவந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அவர்கள் அல்லும் பகலும் குடைந்த பாறையைப் பற்றி இப்பௌர்ணமி நாளில் சிறிது சிந்திப்போமாக. கல்லையும் மண்ணையும் பேசுவதில் தன்மம் யாதுளது எனச் சிலர் நகைப்பர். நகைக்கட்டும்.

பகவன் புத்தர் கற்பகாலத்தின் நீளத்தை விளக்க ஓர் உவமை அருளினார். ஒரு யோசனை நீளமும் அகலமும் உயரமும் உடைய மலையை, நூறாண்டுக்கு ஒரு முறை ஒருவன் காசித்துகிலால் மெல்லத் துடைத்துச் செல்கிறான். அம்மலை தேய்ந்து மறைந்தாலும் கற்பம் முடியாது என்பது அவ்வுவமை. இதனை வெறுங்கதை என்றெண்ணியவர் நம்மில் பலர். பூமி சாஸ்திரிகள் நம் காலடியிலேயே அக்கணக்கைக் காட்டுகின்றனர்.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் நீரின் கீழ் இருந்தது. அந்நீரினடியில் நெருப்புக் குழம்பு பீறிட்டு, நீர் பட்டவுடன் மேற்புறம் உறைந்து, தலையணைகளை அடுக்கினாற்போல் உருண்டு திரண்டது. அதுவே பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீண்டு, சில கிலோமீட்டரே அகன்ற கரும்பாறைப் பட்டையாயிற்று. இருபுறமும் வெவ்வேறு காலத்துப் பாறைகள் நெருக்க, அது மடிந்தது, பிளந்தது. அப்பிளவுகளில் ஆழத்தினின்று ஏறிய கொதிநீர் தான் கரைத்துக் கொணர்ந்த பொன்னை வெங்கச்சங்கல்லோடு படியவிட்டுச் சென்றது. ஆகவே பொன்னும் இங்குத் தானே இருந்ததன்று. காரணங்கள் கூடியமையால் வந்தது. அதன்மேல் கிடந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறையை மழையும் காற்றும் காசித்துகில்போல் துடைத்துத் துடைத்து நீக்கின. அதனாலன்றோ பொன்தாங்கிய கல் நிலத்தின் மேல் தலைகாட்டிற்று!

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அவ்வாழம் முழுவதும் 270 கோடி ஆண்டைக் குறிப்பதாகக் கொள்வோம். பகவன் காலந்தொட்டு இன்றுவரை சென்றது அதில் 3 மில்லிமீட்டரே. 1880-ல் ஜான் டெயிலர் கம்பெனியார் தொடங்கி, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரையிலான காலம், ஒரு தாளின் கனம்! அக்கனத்துக்குள்ளேதான் சுமார் 800 டன் பொன் வெளியேறிற்று. 1902-ல் சிவசமுத்திரத்தினின்று மின்சாரம் வந்தது. பாறைவெடிப்பில் எத்தனையோ தொழிலாளர் மாண்டனர்.

இனி ஒன்று கேட்கிறேன். பிறப்பினால் உயர்வு தாழ்வு அநாதியாய் வந்தது என்று நம் பாட்டன்மாருக்குச் சொன்னார்களே, அச்சொல்லை இப்பாறையின் முன் வைத்துப் பாருங்கள். இப்பாறைக்கே தொடக்கமுண்டு, அதைத் தோற்றுவித்த காரணமுண்டு. அப்பாறையின் கணக்கில் சில மில்லிமீட்டரும் ஆகாத மனிதன் வகுத்த ஒரு வழக்கமா அநாதி? சாத்திரம் பேசுவோர் இதற்கு விடை கூறட்டும்.

மற்றொருபுறம், சுரங்கம் மூடியபின் பலர் உள்ளமுடைந்து, எல்லாம் போயிற்று என்று இருந்துவிட்டனர். வேலை தேடி நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று மீளும் இளைஞரின் களைப்பை யான் அறிவேன். அவர்களிடம் அநித்தியம் என்று ஒரு சொல்லைச் சொல்லி நழுவுதல் பௌத்தமன்று. சயனைடு மேட்டுத் தூசு காற்றில் பறந்து குழந்தைகளின் கண்ணிலும் மூக்கிலும் விழுவது கற்பகால நியதியா? அன்று. பாறையை அரைத்துப் பொன்னெடுத்தோர் கழிவை இங்கு விட்டுச் சென்றமையால் வந்தது. காரணத்தால் வந்த துன்பத்தைக் காரணத்தை நீக்கியே போக்கவேண்டும் என்பதன்றோ நான்கு வாய்மையுள் மூன்றாவதும் நான்காவதும்? மரம் வைத்து மூடுவதும், உரிய அதிகாரிகளை விடாது கேட்பதும் நற்செய்கைகளே.

கோலார் ஜில்லா பெத்தபள்ளியில், எரிமலை வாரியிறைத்த கற்துண்டுகள் இறுகிக் கிடக்கும் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கின்றனர். வரும் விடுமுறையில் சிறுவர்களை அங்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும், உடைத்தெடுத்து வரவேண்டா.